எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் சென்னை – டொராண்டோ: வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாமா?

குரோம்பேட்டை வாசி:
வணக்கம். டிசம்பரில் டொராண்டோவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நானும் அம்மாவும் போகிறோம். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை, முட்டிவலி இரண்டும் உண்டு, சுத்த சைவம். விசா வந்துவிட்டது, டிக்கெட்தான் பாக்கி. துபாய், தோஹா, லண்டன் எந்த வழியில் போட்டாலும் விலை கட்டுப்படியாகவில்லை. அடிஸ் அபாபா வழியாகப் போகும் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் மட்டும் நன்றாகவே குறைவு. எங்கள் வீட்டில் யாரும் அதில் ஏறியதில்லை. "2019-ல் விழுந்தது அவர்கள் விமானம்தானே" என்று சித்தப்பா வேறு பயமுறுத்துகிறார். திரும்பி வரும்போது அடிஸில் 13 மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆனால் ஹோட்டல் இலவசம் என்கிறார்கள். நம்பிப் போடலாமா?

ஹேங்கர் நண்பன்:
சித்தப்பா கேட்பது நியாயமான கேள்வி, அதையே முதலில் பார்த்துவிடுவோம். 2019 மார்ச் 10 அன்று அடிஸிலிருந்து நைரோபிக்குக் கிளம்பிய விமானம் சில நிமிடங்களில் விழுந்து, அதில் இருந்த 157 பேரும் இறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்னால், 2018 அக்டோபரில், இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானமும் கிட்டத்தட்ட இதே விதமாக விழுந்தது. இரண்டுமே போயிங் 737 மேக்ஸ். ஒரே ஒரு சென்சார் தப்பான கணக்குக் கொடுத்தாலும் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்துகிற மாதிரி ஒரு மென்பொருள் அந்த ரகத்தில் இருந்தது. உலகம் முழுக்க அந்த ரகத்தையே தரையில் நிறுத்தி, மென்பொருளைத் திருத்திய பிறகுதான் மறுபடி பறக்கவிட்டார்கள். அதனால் இந்த விபத்தை மட்டும் வைத்து நிறுவனத்தை எடை போட மாட்டேன்.

முன்பின் தெரியாத எந்த ஏர்லைனாக இருந்தாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஐரோப்பிய யூனியனின் தடைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் 'ஐயோசா' என்ற பாதுகாப்புத் தணிக்கைப் பதிவேட்டில் இருக்கிறதா. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எத்தியோப்பியன் 1945-ல் தொடங்கிய நிறுவனம். 2011-லிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. ஏர் இந்தியாவும் லுஃப்தான்சாவும் இருக்கிற அதே கூட்டணி. பாதுகாப்பை நினைத்துத் தயங்க வேண்டாம்.

ஸ்கார்பரோ அக்கா:
தம்பி, பயணம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அடிஸ் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டிக்குச் சமமான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்புவது கஷ்டம். அதனால் வட அமெரிக்காவுக்குப் போகும்போது வழியில் எங்காவது எரிபொருளுக்கு இறங்குவது வழக்கம். இருக்கையை விட்டு எழுந்திருக்காமலே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். முட்டிவலிக்காரர்களுக்கு இது பெரிய சோதனை, அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையாகப் போடுங்கள். டிக்கெட்டில் அடிஸ் – டொராண்டோ பகுதிக்கு '1 நிறுத்தம்' என்று போட்டிருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

வீல்சேருக்குக் காசு கிடையாது. டிக்கெட் போட்டதுமே கேட்டுப் பதிவு பண்ணிவிடுங்கள், கவுன்டரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அடிஸில் நள்ளிரவிலும் திருவிழாக் கூட்டம்தான், அம்மாவால் நடந்து சமாளிக்க முடியாது. சாப்பாட்டுக்கு 'ஆசிய சைவம்' என்று முன்கூட்டியே பதியுங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் விரத நாட்களில் கறி, பால், முட்டை எதுவும் தொட மாட்டார்கள், அதனால் அந்த ஊரில் பருப்பும் காய்கறியும் நன்றாகவே கிடைக்கும். சர்க்கரை மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம்.

கிண்டி மருந்தாளர்:
எல்லாரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வழியில் உண்மையான சிக்கல், கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல். இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள் பட்டியலில் எத்தியோப்பியா இருக்கிறது. அந்த நாட்டில் தங்கிவிட்டோ, அதன் வழியாகவோ 6 நாட்களுக்குள் இந்தியாவில் வந்து இறங்குகிறவர் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கும் இதே விதிதான். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் வெறுமனே விமானம் மாறியவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் இங்கே இருக்கும் சுகாதார அதிகாரி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் இலவச ஹோட்டலுக்கு வாருங்கள். ஹோட்டலுக்குப் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாயிற்று, அந்த விலக்கு போய்விடும். 13 மணி நேரம் உள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்க உங்கள் அம்மாவால் முடியாது. ஹோட்டலுக்குப் போகாமலும் முடியாது, போகவும் கூடாது. வேறொரு ஆப்பிரிக்க நகரம் வழியாக வந்த எங்கள் உறவினர் ஒருவர் இப்படி வெளியே தங்கிவிட்டு, தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினார். வீட்டுக்குப் போக முடியாமல் அவர் பட்ட பாடு பெரும்பாடு.

போகும்போது இந்தத் தொல்லை இல்லை, கனடா இந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. திரும்பி வரும் பயணத்தில்தான் கவனம் வேண்டும்.

குரோம்பேட்டை வாசி:
டிக்கெட் விற்கிற யாரும் இதைச் சொல்லவே இல்லையே. அப்படியானால் இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா?

கிண்டி மருந்தாளர்:
உங்களுக்குச் சரி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள், சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் அந்த எண்ணை எழுத வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள், லக்கேஜில் போட்டுவிடாதீர்கள்.

அம்மா விஷயம் வேறு. இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியை வைத்துச் செய்யும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். டிக்கெட் மலிவு என்பதற்காக 67 வயதில் போடக் கூடாது. அவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

ஹேங்கர் நண்பன்:
நான் இதை யோசிக்கவில்லை, அவர் சொல்வது முழுக்கச் சரி. போவதற்கு எத்தியோப்பியன், வருவதற்கு வளைகுடா அல்லது ஐரோப்பா வழி என்று பிரித்துப் பாருங்கள். மொத்தச் செலவு அவ்வளவு ஏறாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு திசையிலும் சென்னையிலிருந்து டொராண்டோ வரை ஒரே பி.என்.ஆர்.-ஆக இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டாக ஒட்டுப்போட்டால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டபோது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி செக்-இன் பண்ண வேண்டியிருக்கும். இடைத்தரகர் தளத்தில் சில நூறு ரூபாய் குறைந்தாலும் ஏர்லைன் தளத்திலேயே போடுங்கள். நேரம் மாறினால் யாரிடம் பேசுவது என்ற குழப்பம் இருக்காது.

ஸ்கார்பரோ அக்கா:
அம்மாவைத் தனியாக ஒரு விமானத்தில், நீங்கள் வேறொன்றில் என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள் தம்பி. விலை கூடினாலும் ஒன்றாகவே வாருங்கள்.

குரோம்பேட்டை வாசி:
இல்லை அக்கா, ஒன்றாகத்தான் வருவோம். இன்று அம்மாவின் டாக்டரிடம் பேசினேன். இந்த வயதில், இந்தச் சர்க்கரை அளவில் அந்த ஊசி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதனால் போவது எத்தியோப்பியன், வருவது தோஹா வழி. இரண்டையும் பிரித்துப் போட்டும் நான் முதலில் பார்த்த தோஹா போக-வர விலையைவிடக் குறைவாகவே வந்தது. அம்மாவுக்கு ஓர இருக்கை, வீல்சேர், ஆசிய சைவம் மூன்றும் பதிந்தாயிற்று. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.