தலையாட்டி பொம்மை ஜிஃப்: ஃப்ரேமை அழிச்சா பொம்மை துண்டு துண்டாகுது

குடமுருட்டி:
தஞ்சாவூர் பொம்மை இடுப்பை ஆட்டுற ஜிஃப் (ஓடுற படம்). 36 ஃப்ரேம், ஒவ்வொண்ணும் 40 மில்லிசெகண்ட், 1080 அகலம், 14 எம்பி. ஜிம்ப்ங்கிற பட எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஒண்ணு விட்டு ஒண்ணு ஃப்ரேமை அழிச்சேன். பாவாடை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்னு நிக்குது. வேகமா ஓடட்டும்னு 40-க்கு பதிலா 10 மில்லிசெகண்ட் போட்டா முன்னைவிட மெதுவா ஓடுது. எங்கே தப்பு?

வெண்ணாறு:
சுருக்கின ஜிஃப்ல முதல் ஃப்ரேம்தான் முழுப் படம். அடுத்ததெல்லாம் மாறின இடத்தை மட்டும் வச்சிருக்கும். நடுவுல ஒண்ணைத் தூக்கினா அது மாத்தின பகுதியும் சேர்ந்து போயிடும். முதல்ல மெனுவுல ஃபில்டர்ஸ், அனிமேஷன், அன்ஆப்டிமைஸ் கொடுங்க. முழு ஃப்ரேம்களோட புதுப் படம் திறக்கும். அதுல அழிங்க. ஜிம்ப்ல ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு லேயர் (அடுக்கு); அடியில இருக்குற லேயர்தான் முதல் ஃப்ரேம், மறந்துடாதீங்க.

வேகம்: ஜிஃப் நேரத்தை நூறில் ஒரு பங்கு நொடியா எழுதும். 10 மில்லிசெகண்டை பிரவுசர்கள் நம்பாம 100 ஆக்கிடும். 20-க்குக் கீழே போகவே வேணாம். பாதி ஃப்ரேம் போனதால லேயர் பெயர்ல இருக்குற 40-ஐ 80 ஆக்கினா பழைய ஆட்டமே வரும்.

அரசலாறு:
எடை குறையணும்னா வரிசை முக்கியம். ஜிஃப் இன்டெக்ஸ்டு மோட்ல (அதிகபட்சம் 256 நிறம்) திறக்கும். அப்படியே சின்னதாக்கினா ஜரிகை ஓரம் பல்லுப்பல்லா வரும். முழு நிற மோடான ஆர்ஜிபிக்கு மாத்தி, 480 அகலமாக்கி, அப்புறம் 256 நிறத்துல இன்டெக்ஸ்டு. டிதரிங்ல (இல்லாத நிறத்தைப் புள்ளிகளைக் கலந்து காட்டுற முறை) பொசிஷன்டு எடுங்க. ஃபிளாய்டு வகையில புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறி, அசையாத மேசைகூட கொசு மொய்க்கிற மாதிரி துடிக்கும், ஃபைலும் வீங்கும். கடைசியாத்தான் ஆப்டிமைஸ் (மாறின இடத்தை மட்டும் வச்சு சுருக்குறது). எக்ஸ்போர்ட்ல 'அனிமேஷனாக' டிக் இல்லேன்னா ஒத்தைப் படம்தான் கிடைக்கும்.

குடமுருட்டி:
சரியாயிடுச்சு சார். ஆனா சுத்து முடிஞ்சு திரும்புற இடத்துல ஒரு குதி.

வெண்ணாறு:
குதிக்கத்தான் செய்யும். தட்டிவிட்ட பொம்மையோட ஆட்டம் ஒவ்வொரு தடவையும் குறையும், கடைசி ஃப்ரேம் முதலோட பொருந்தாது. இடக்கோடியிலேருந்து வலக்கோடி வரைக்கும் ஒரே ஒரு வீச்சை எடுங்க. 9 ஃப்ரேம்னா, 8-லேருந்து 2 வரை நகலெடுத்து தலைகீழா மேலே அடுக்குங்க; மொத்தம் 16. ரெண்டு கோடியிலயும் பொம்மை ஒரு கணம் நின்னுதான் திரும்பும், அதனால ஒட்டு தெரியாது. இதை ஆப்டிமைஸுக்கு முன்னாடி செய்யணும்.

அரசலாறு:
மறுபடி எடுக்கறதா இருந்தா கேமரா ஷட்டரை நொடியில 50-ல ஒரு பங்கு இல்லேன்னா 100-ல ஒரு பங்கு வைங்க. நம்ம ஊரு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் சிமிட்டல் பதிஞ்சா ஆப்டிமைஸுக்கு எல்லா புள்ளியும் மாறினதாத்தான் தெரியும், ஒரு கேபிகூட குறையாது.