மாணவர் இதழில் அரசியல் விளம்பரம்: விதி வாசகம் எழுத உதவி தேவை

வணக்கம். அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் நாளிதழுக்கு விளம்பர விதிகளைத் திருத்தி எழுதுகிறோம். இத்துறையில் இருப்பவர்கள் கை கொடுங்கள்.

பலருக்கும் நினைவிருக்கும்: 2001-இல், அடிமைமுறைக்காகக் கறுப்பின மக்களுக்கு இழப்பீடு தருவதை எதிர்த்து வலதுசாரி எழுத்தாளர் டேவிட் ஹொரோவிட்ஸ் பல கல்லூரி இதழ்களுக்கு விளம்பரம் அனுப்பினார். பெர்க்லியின் 'டெய்லி கலிபோர்னியன்' வெளியிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் 'பிரவுன் டெய்லி ஹெரால்ட்' வெளியிட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்த்த மாணவர்கள் அதன் பிரதிகளைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

சட்டம் ஓரளவு தெளிவு. இதழை நடத்தும் மாணவ ஆசிரியர்களே ஒரு விளம்பரத்தை மறுத்தால் அது அவர்களின் பத்திரிகை உரிமை. பல்கலைக்கழக நிர்வாகம் தலையிட்டு மறுத்தால், பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கும். அதனால் நிர்வாகத்தின் கையெழுத்தே வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். 'கட்டண விளம்பரம்' என்ற தலைப்பு, பணம் கொடுத்தவர் பெயர், முன்பணம், அச்சுக்கு 3 வேலைநாள் முன்பு ஆசிரியரின் ஒப்புதல்: இவையும் முடிவாகிவிட்டன.

சிக்கலாக இருப்பது 'புண்படுத்தும் விளம்பரம் ஏற்கப்படாது' என்ற பழைய வரி. யாருக்கு எது புண்படும் என்று அளக்கவே முடியாது. ஆசிரியர் மாறினால் தீர்ப்பும் மாறும். அவதூறு, மிரட்டல், பொய்யான தகவல் என்று சுருக்கினால் போதுமா? விளம்பரத்தில் வரும் புள்ளிவிவரத்துக்கு ஆதாரம் கேட்கிறீர்களா? ஒரு விளம்பரத்துக்குப் பதில் சொல்லும் மறுப்பு விளம்பரத்துக்கு அதே அளவு, அதே கட்டணம் தருவீர்களா? நடைமுறையில் உள்ள வாசகம் இருந்தால் அப்படியே ஒட்டுங்கள்.