ஸ்கோர் ஏற்றுவது இருக்கட்டும், முதலில் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு ஃப்ரீஸ் போடுங்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) வாங்கி, முதல் கிரெடிட் கார்டும் கைக்கு வந்துவிட்டதா? அடுத்த வேலையாக ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் பீரோக்களின் (உங்கள் கடன் விவரங்களைத் திரட்டி ரிப்போர்ட்டாக வைத்திருக்கும் நிறுவனங்கள்) தளத்திலும் கணக்கு திறந்து செக்யூரிட்டி ஃப்ரீஸ் போட்டுவிடுங்கள். கிரெடிட் ஸ்கோரை (கடன் மதிப்பெண்ணை) எப்படி ஏற்றுவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்த ரிப்போர்ட் யார் யார் கைக்குப் போகிறது என்று கேட்பவர் குறைவு.

ஃப்ரீஸ் இருந்தால் புதிதாகக் கடன் கொடுக்க வருகிற நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுக்க முடியாது, ரிப்போர்ட் பார்க்காமல் பெரும்பாலும் யாரும் கார்டோ லோனோ கொடுப்பதில்லை, ஆகவே உங்கள் எஸ்எஸ்என் எவனிடமாவது சிக்கியிருந்தாலும் அதை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்குவது அவனுக்குச் சுலபமில்லை. சிக்குமா என்று கேட்காதீர்கள். 2017-ல் ஈக்விஃபேக்ஸிலிருந்தே சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் திருடுபோனது. முன்பெல்லாம் பல மாநிலங்களில் ஃப்ரீஸ் போடக் காசு கேட்பார்கள். 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுக்க இலவசம். ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறையாது, இருக்கிற கார்டும் வழக்கம்போல வேலை செய்யும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். சில தளங்களில் ஃப்ரீஸைத் தேடினால் மாதச் சந்தாவோடு ‘லாக்’ என்று ஒன்றைத்தான் முன்னால் காட்டுவார்கள். அது அவர்கள் விற்கிற சரக்கு. சட்டப்படி உங்களுக்கு உரிமையானது ஃப்ரீஸ்தான், ஸ்க்ரோல் செய்து அதையே தேடி எடுங்கள்.

கார் வாங்கப் போகும்போது என்ன செய்வது என்று பலருக்கும் பயம். ஷோரூமில் லோன் பார்க்கிறவர் "உங்க ரிப்போர்ட் வரலையே" என்று திரையைத் திருப்பிக் காட்டினால் பதற வேண்டாம், எந்த பீரோவில் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதை மட்டும் அங்கேயே போனில் இரண்டு மூன்று நாளுக்குத் திறந்துவிடலாம், தேதி முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். ஆன்லைனிலோ போனிலோ கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திறந்தாக வேண்டும் என்பது சட்டம். டீலர் பல வங்கிகளுக்கு அனுப்புவதாகச் சொன்னால் மூன்றையும் திறக்க வேண்டிவரலாம்.

ஃப்ரீஸ் எல்லாவற்றையும் தடுக்காது. ஏற்கெனவே கடன் கொடுத்த வங்கி பார்க்கலாம். இன்சூரன்ஸ், வாடகை வீடு, வேலை ஆகியவற்றுக்காகப் பார்ப்பதும் இதில் அடங்காது. ஆனால் வேலை கொடுப்பவர் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பார்க்கக் கூடாது. ஆஃபர் லெட்டரோடு வரும் காகிதக் கட்டில் அந்தச் சம்மதப் படிவமும் இருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் தபால் பெட்டியில் ‘ப்ரீ-அப்ரூவ்ட்’ என்று வந்து குவியும் கவர்கள். நீங்கள் கேட்காமலேயே பீரோக்கள் உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்து விற்பதால் வருபவை அவை, ஃப்ரீஸ் போட்டாலும் நிற்காது. அதற்குத் தனியாக optoutprescreen.com தளத்துக்குப் போக வேண்டும். ஆன்லைனில் சொன்னால் 5 வருடம், நிரந்தரமாக வேண்டுமென்றால் படிவத்தில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

வந்த புதிதில் ஃபைலில் ஒன்றுமே இருக்காது, அதனால் ஆன்லைனில் உங்களை அடையாளம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று நகல்களோடு தபாலில் அனுப்பலாம், அது கிடைத்த 3 வேலை நாளுக்குள் பீரோ ஃப்ரீஸ் போட்டாக வேண்டும். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எஸ்எஸ்என் இருந்தால் அவர்கள் பெயரிலும் நீங்களே போடலாம், அதுவும் இலவசம்தான்.