ஓட்டு நாள்ல நீங்க நேர்ல பார்த்தது: எல்லையோர ஆளுங்க எழுதுங்க

மீனாட்சிபுரம் வாத்தியார்:

டிவியைப் போட்டாலே மிஷின் சண்டை, இல்லைன்னா லிஸ்ட் சண்டை. 2025 ஆகஸ்ட்ல ராகுல் காந்தி பெங்களூரு மகாதேவபுராவுல ஒரு லட்சத்துச் சொச்சம் போலி ஓட்டுன்னு கணக்கு காட்டினாரு. தேர்தல் கமிஷன் மறுத்துச்சு, சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுன்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து நம்ம ஆளுங்களும் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கத்திட்டிருக்காங்க. இங்க அது வேண்டாம். பூத்துல உட்கார்ந்தவங்க, வரிசையில நின்னவங்க, ஏஜென்ட்டா இருந்தவங்க தன் கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. நானே ஆரம்பிக்கறேன்.

2024 ஏப்ரல் 26, கேரளா முழுக்க ஓட்டு. விவிபேட் சீட்டை (யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு மிஷின் பக்கத்துல அச்சாகிக் காட்டற சீட்டு) முழுசா எண்ணணும்னு போட்ட கேஸை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணதும் அதே நாள்தான். எனக்குச் சித்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பிரிசைடிங் ஆபீசர் டூட்டி (பாலக்காட்டுச் சித்தூர்ங்க, ஆந்திரா ஆளுங்க சண்டைக்கு வராதீங்க). அதுக்கு முந்தின வாரம்தான் காசர்கோட்டுல மாதிரி ஓட்டுல ஒரு கட்சிக்குக் கூடுதலா விழுந்துச்சுன்னு செய்தி. அது பொய்னு கமிஷன் கோர்ட்டுல சொல்லிடுச்சு, ஆனா செய்தி போன வேகத்துல மறுப்பு போகல. அதனால அன்னிக்கு விடிகாலையில மாதிரி ஓட்டு அம்பதும் ஏஜென்ட்டுங்க கையாலயே போடவச்சு, கூட்டிக் காட்டி, அழிச்சு, அந்தச் சீட்டையெல்லாம் கறுப்புக் கவர்ல போட்டு சீல் வெச்சேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

மத்தியானத்துக்கு மேல ஒருத்தர் ஓட்டு போட்டுட்டு மறைப்புக்குப் பின்னாடி அப்படியே நின்னாரு. தேங்கா போடற ஆள், அம்பது வயசுக்கு மேல. "சார், நான் அமுக்கினது ஒண்ணு, சீட்டுல வந்தது இன்னொண்ணு"ன்னாரு. மூணு ஏஜென்ட்டும் எந்திரிச்சுட்டாங்க. இதுக்கு விதி இருக்கு, 49எம்ஏ. எழுதிக் கொடுக்கணும், ஏஜென்ட்டுங்க முன்னாடி டெஸ்ட் ஓட்டு போட்டுக் காட்டணும், சீட்டு சரியா வந்துட்டா புகார் பொய், அப்ப இருந்த சட்டப்படி ஆறு மாசம் ஜெயில் இல்லைன்னா ஆயிரம் ரூபா அபராதம் வரைக்கும் போகலாம். எச்சரிக்கை பண்ணிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும்னு இருக்கறதால வாசிச்சுக் காட்டினேன்.

"ரெண்டாவது தடவை சரியா வந்துட்டா?"

"கேஸ் உங்க மேல."

"அப்ப முதல் தடவை வந்தது?"

"அதுக்குச் சாட்சி இல்லைங்க."

அவரு என்னைப் பார்த்தாரு, பேனாவைப் பார்த்தாரு. "வேண்டாம் சார், எனக்கு மரம் ஏற வேலை கெடக்கு"ன்னு போயிட்டாரு.

அவரு தப்பாப் பார்த்திருப்பாருன்னுதான் என் நினைப்பு. கண்ணாடிக்குள்ள ஏழு செகண்டு, மங்கல் வெளிச்சம், கண்ணாடி போடாத கண்ணு. ஆனா அது நினைப்பு மட்டும்தான். ஒருவேளை அவரு பார்த்தது நெசமா இருந்தாலும் அதை நிரூபிக்க இந்த விதியில வழியே இல்ல. முதல் சீட்டு பெட்டிக்குள்ள விழுந்தாச்சு, சோதிக்கறது வேற ஒரு ஓட்டை. 2019ல திருவனந்தபுரத்துல ஒரு பையன் துணிஞ்சு எழுதிக் கொடுத்தான், டெஸ்ட் ஓட்டு சரியா வந்துச்சு, கேஸ் ஆயிடுச்சு. அதே வருஷம் அசாமோட முன்னாள் டிஜிபி ஒருத்தரே ஜெயில் பேச்சைக் கேட்டுப் புகாரே வேண்டாம்னு விட்டுட்டாரு. டிஜிபிக்கே பயம்னா மரம் ஏறுறவருக்கு? பயமுறுத்தற வரியை எடுத்துட்டு, புகார் வந்த பூத்துல அத்தனை சீட்டையும் எண்ணிடுங்கன்னு வெச்சா போதும். சந்தேகம் அன்னிக்கே தீர்ந்துடும்.

---

தோத்தாபுரி:

ஆந்திரா சித்தூர் ஆஜர் சார் 😄

எங்க ஊரு மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல லாரி வரிசையில ராத்திரி பூரா கெடந்தா அரசியல் எல்லாம் காதுல விழும். 2019 சீசன்ல மிஷினைத் திட்டினவங்க சைக்கிள் கட்சிக்காரங்க (தெலுங்கு தேசம்). அப்பத்தான் எங்க குப்பம் எம்எல்ஏ சந்திரபாபு முன்ன நின்னு, 21 கட்சி சேர்ந்து, பாதி மிஷினுக்காவது சீட்டை எண்ணுங்கன்னு கோர்ட்டுக்குப் போனாரு. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பூத்னு இருந்ததை அஞ்சு பூத்னு ஆக்கிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். 2024 சீசன்ல பார்த்தா மிஷினைத் திட்டறவங்க ஃபேன் கட்சிக்காரங்க (ஜெகனோட ஒய்எஸ்ஆர் காங்கிரஸ்). ஜெகனே ஜூன் மாசம் வாக்குச்சீட்டு முறைக்குப் போகணும்னு எழுதிட்டாரு. அதே லாரி வரிசை, அதே ஆளுங்க, வசனத்தை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட்டாங்க. ஜெயிச்ச சீசன்ல மிஷினை நோண்டின கட்சியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

ஆனா ஒரு விஷயம் மனசுல நின்னுடுச்சு. சந்திரகிரி தொகுதியில 2019 மே 19 மறு ஓட்டு நடந்துச்சே, ஏழு பூத்துல, ஞாபகம் இருக்கா? எஸ்சி ஜனங்களோட ஓட்டை வேற ஆளுங்களே போட்டதா புகார். கேமரா பதிவைப் பார்த்துட்டுத்தான் கமிஷன் உத்தரவு போட்டுச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து எங்க மண்டிக்குக் காய் ஏத்திட்டு வர்ற ஒருத்தரு மறு ஓட்டு முடிஞ்ச வாரம் வந்தாரு. வந்ததும் விரலை நீட்டிக் காட்டினாரு. "இந்த மை இதுக்கு முன்னாடி என் பேர்ல எவனோ வெச்சுக்கிட்டான்"னாரு. அன்னிக்கு அந்த பூத்ல மிஷின் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு சார். பட்டனை அமுக்கின கைதான் வேற.

---

நேர்கோடு:

தோத்தவன் அழறான், ஜெயிச்சவன் சிரிக்கிறான். இதுக்கு ஒரு திரி வேறயா.

---

கறுப்புக் கோட்டு:

நேர்கோடு தம்பி, எல்லா அழுகையும் வீண் இல்ல. நான் கோர்ட்டுல பார்த்ததை எழுத ஒண்ணுமில்ல, ஜூனியரா இருந்தப்ப சீனியர் வாயால கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன கேஸ் ஒண்ணு இருக்கு. வாத்தியார் விதியை மீறறேன், பொறுத்துக்குங்க.

இந்த நாட்டுலயே முதல் தடவையா மிஷின்ல ஓட்டு போட்டது நம்ம கேரளாவுல, எர்ணாகுளம் ஜில்லா பரவூர்ல, 1982 மே மாசம், 50 பூத்ல. சிபிஐ சிவன் பிள்ளை 123 ஓட்டுல ஜெயிச்சாரு. தோத்த காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனாரு. மிஷின்ல திருட்டு நடந்துச்சுங்கறதுல கேஸ் நிக்கல. சட்டத்துல வாக்குச்சீட்டுன்னுதான் இருக்கு, கமிஷன் தன் இஷ்டத்துக்கு மிஷினைக் கொண்டுவர அதிகாரம் இல்லைங்கறதுதான் பாயின்ட். 1984ல உச்ச நீதிமன்றம் அதை ஒத்துக்கிட்டு அந்த 50 பூத்லயும் வாக்குச்சீட்டுல மறு ஓட்டு வெக்கச் சொல்லுச்சு. ஜோஸ் ஜெயிச்சாரு. 1988ல பார்லிமென்ட் சட்டத்தைத் திருத்தி 61ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் மிஷினுக்கு வாழ்வு வந்துச்சு. தோத்தவன் அழுததாலதான் சட்டமே எழுதினாங்க.

---

ஏலக்காய்:

எல்லாரும் மிஷினைப் பத்திப் பேசறீங்க. எங்க பக்கம் மிஷின் கிட்ட போறதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சிரும். நான் உடும்பஞ்சோலைக்காரி, எஸ்டேட் லயத்துல (தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடு) பொறந்தவ. எங்க ஜில்லாவுல தமிழ் பேசினாலே "ரெட்டை ஓட்டு"ன்னு பேரு.

2024 ஏப்ரல் 26 அன்னிக்கே எங்க அக்கா மகளுக்குச் சடங்கு வச்சிருந்தோம். எங்க அத்தை கம்பத்துலேர்ந்து சீர்த்தட்டோட ஜீப்புல ஏறி வந்துச்சு. கம்பம்மெட்டு தாண்டினதும் கட்சிப் பையங்க வண்டியை நிறுத்தி "விரல் காட்டு சேச்சி"ன்னாங்க. தமிழ்நாட்டுல 19ஆம் தேதிதானே ஓட்டு, ஒரு வாரத்துல நகத்து மை எங்க போகும்? அத்தை விரலைப் பிடிச்சு, மடியில இருந்த தட்டு, தட்டுல இருந்த பட்டுப்பாவாடை எல்லாம் தெரியற மாதிரி செல்போன்ல வீடியோ எடுத்தானுங்க. சாயங்காலம் அது "அதிர்த்தி கடந்து கள்ள வோட்டு"ன்னு, அதாவது எல்லை தாண்டி வந்து கள்ள ஓட்டுன்னு சுத்துச்சு. அத்தைக்குக் கேரளா லிஸ்ட்டுல பேரே கிடையாது. கையில மை இருக்கறவளை எந்த பூத்ல உள்ள விடுவாங்கன்னு அந்தப் பயலுக யோசிக்கவே இல்ல.

ரெட்டை ஓட்டே இல்லைன்னு நான் சொல்லல. இருக்கு. ஜீப்பு பிடிச்சு ஆள் ஏத்தறவங்களும் கட்சிக்காரங்கதான், மெட்டுல மறிக்கறவங்களும் கட்சிக்காரங்கதான். 2021ல அப்போ கேரளா எதிர்க்கட்சித் தலைவரா இருந்த சென்னித்தலா மாநிலம் முழுக்க ரெட்டை ஓட்டு நாலு லட்சத்துக்கு மேலன்னாரு, கமிஷன் ஹைகோர்ட்டுல 38,586ன்னு சொல்லுச்சு. அதுவும் சின்ன நம்பர் இல்ல. ஆனா 2021ல ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நாள், ஏப்ரல் 6. 2016லயும் ஒரே நாள். பார்லிமென்ட் எலெக்ஷன்ல தேதி பிரிஞ்சு போச்சு: 2014ல கேரளா ஏப்ரல் 10, தமிழ்நாடு 24. 2019ல தமிழ்நாடு 18, கேரளா 23. 2024ல தமிழ்நாடு 19, கேரளா 26. இடுக்கி, தேனி ரெண்டுக்கும் ஒரே நாள் வச்சா பாதித் தலைவலி குறையுமே, அதைக் கேட்க ஒரு கட்சிக்கும் வாய் வரல.

எங்க அப்பா கதை இன்னும் கொடுமை. வேலை முடிஞ்சதும் லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கம்பம் பக்கம் சொந்த ஊருக்குப் போனாரு. அங்க ஒரு கட்சி ஆள் வந்து படிவம் 6 நிரப்பிக் கொடுத்தான். அது புதுசா சேர்றவங்களுக்கு. வீடு மாறினவங்களுக்கு 8. எட்டுல போட்டிருந்தா பழைய பேரை எடுக்க வழி இருந்திருக்கும். ஆறுல போட்டதால கேரளாவுல பேரு அப்படியே கெடந்துச்சு. அப்பா ஒரு தடவைகூட ரெண்டு இடத்துல போட்டதில்ல, ஆனா லிஸ்ட்டுல வருஷக்கணக்கா ரெட்டை ஓட்டுக்காரர்.

அதுக்கப்புறம் எஸ்ஐஆர், அதாவது வாக்காளர் லிஸ்ட்டை வீடு வீடாச் சரிபார்க்கறது. 2025 நவம்பர்ல ரெண்டு மாநிலத்துலயும் ஒரே நேரத்துல. கேரளா பிஎல்ஓ (பூத் அளவுல லிஸ்ட்டைப் பார்க்கற அலுவலர்) லயம் பூட்டிக் கெடக்கறதைப் பார்த்து இடம்பெயர்ந்தவர்னு எழுதிட்டாரு, அது நியாயம். தமிழ்நாட்டுல 2002 லிஸ்ட்டுல பாகம் எண், வரிசை எண் கேட்டாங்க. 2002ல அப்பா கேரளாவுல. அந்த லிஸ்ட்டு மலையாளத்துல, அதுல பேரைத் தேடி எடுக்க எங்களால முடியல. காலியா விட்டுக் கொடுத்தோம். டிசம்பர் 19 வரைவுப் பட்டியல்ல 6.41 கோடி பேரு 5.43 கோடியாச்சே, அந்த வெட்டுல அப்பா தப்பிச்சுட்டாரு. ஆனா நோட்டீஸ் வந்திருக்கு, விசாரணைக்கு வரணுமாம். முப்பது வருஷத்துக்கு மேல கேரளாவுல ஓட்டு போட்ட மனுஷன், "நான் யாருன்னு யார்கிட்ட காட்டணும்"ங்கறாரு.

---

வேலந்தாவளம் ஏஜென்ட்:

ஏலக்காய் அக்கா சொன்னதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியல. இருந்தாலும் ஒண்ணு.

எல்லாக் கட்சிக்காரனும் மேடையில திருட்டுங்கறான். ஓட்டு முடியறப்ப பூத்துல எத்தனை பேரு இருக்கான்னு பாருங்க. 17சி படிவத்துல மிஷின் நம்பர், மொத்தம் விழுந்த ஓட்டு எல்லாம் எழுதி, கடைசி வரைக்கும் இருக்கற ஏஜென்ட்டுக்குக் காப்பி தரணும்னு விதி. எண்ணற அன்னிக்கு அதை வெச்சு மேசையில நிக்கற கன்ட்ரோல் யூனிட்டோட ஒத்துப் பார்க்கலாம். காசு செலவில்லாத பூட்டு அது. நான் காப்பியைக் கேட்டு வாங்கினப்ப மத்த ரெண்டு ஏஜென்ட்டும் எப்பவோ சாப்பாட்டுக்குப் போயிருந்தானுங்க. ஆபீசரு "மத்ததையும் நீயே கொடுத்துடு"ன்னு நீட்டினாரு. எதிர்க்கட்சிக்காரன் காப்பியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன் சார், அவன் அதுல சாப்பிட்ட எண்ணெய்க் கையைத் தொடைச்சான்.

அப்புறம் 2025 டிசம்பர் 11 பஞ்சாயத்து எலெக்ஷன். கிராமம், பிளாக், ஜில்லான்னு மூணு ஓட்டு, விவிபேட்டே கிடையாது. சீட்டு எங்கேன்னு ஒரு கட்சியும் கேட்கல. மிஷின் மேல அவ்வளவு சந்தேகம்னா அன்னிக்கு எங்க போச்சு?

---

நேர்கோடு:

சரி, வாபஸ் வாங்கிக்கறேன். ஏலக்காய் அக்கா, விசாரணை எப்போ?

---

ஏலக்காய்:

அடுத்த வாரம் தம்பி. தாலுகா ஆபீஸ்ல.

---

மீனாட்சிபுரம் வாத்தியார்:

அம்மா, பழைய லிஸ்ட்டு எந்த மாநிலத்துதா இருந்தாலும் ஏத்துக்கணும்னு கமிஷன் உத்தரவுலயே இருக்கு, கேரளான்னு தயங்காதீங்க. அப்பா 2002ல ஓட்டு போட்ட ஸ்கூல் பேரையும் லயத்தோட பேரையும் எனக்குத் தனியா அனுப்புங்க, இங்க பொதுவுல போடாதீங்க. எனக்கு மலையாளம் வாசிக்க வரும். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் கிடைச்சா அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, பேரு மேல தமிழ்ல எழுதி அனுப்பறேன். அங்க இருக்கற ஆபீசருக்கு மலையாளம் தெரியாதில்லையா. அப்பா பேரை மலையாளத்துல எப்படி எழுதியிருப்பாங்கன்னு சொல்ல முடியாது, அதனால தாத்தா பேரையும் சேர்த்து அனுப்புங்க.