சாத்துக்குடித் தோலில் சிட்ரிக் அமிலம்: பூஞ்சை கறுக்கிறது, புளிப்பு ஏறவில்லை

காட்பாடிக்காரன்:
ஜூஸ் கடைகளில் மிஞ்சும் சாத்துக்குடித் தோலைக் காயவைத்து அரைத்து, போர் தண்ணீரில் பிசைந்து குக்கரில் அவிக்கிறோம். ஆறியதும் அலுமினியத் தட்டில் 6 செ.மீ. கனத்துக்குப் பரப்பி சிட்ரிக் அமிலம் தரும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் ஸ்போர் (விதைபோன்ற தூள்) தூவுகிறோம். மூன்றாம் நாளே மேலே கரிப்பொடி மாதிரி கறுக்கிறது, அடியில் கொழகொழப்பு. ஐந்தாம் நாளும் பிஎச் (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 4.2தான். எங்கே இடிக்கிறது? வேண்டியது பாய்லர், ஹீட்டர் உப்புக்கறை எடுக்க, சாப்பாட்டுக்கு இல்லை.

பூஞ்சைப்பட்டறை:
முதலில் கனம். 6 செ.மீ. அதிகம், 2 முதல் 3 போதும். தோலில் பெக்டின் என்ற பசைப்பொருள் இருப்பதால் அவித்ததும் பசையாகி அடியில் காற்று போகாது. அங்கே பாக்டீரியா ஏறும். பத்துப் பங்கு தோலுக்கு ஒரு பங்கு கழுவிய நெல் உமி கலந்தால் உதிரியாக நிற்கும். ஈரம் 70 சதவீதம் அளவு: ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது.

கறுப்பு என்றால் பூஞ்சை ஸ்போர் போடுகிறது என்று அர்த்தம். அமிலம் சேருவது பெரும்பாலும் வெள்ளை இழையாக இருக்கும்போதுதான். மேற்பரப்பு காய்ந்தாலும், சர்க்கரை தீர்ந்தாலும் சீக்கிரம் கறுக்கும். தட்டுமேல் ஈரத்துணி கட்டுங்க. தோலில் சர்க்கரை குறைச்சல், கொஞ்சம் வெல்லப்பாகு சேர்க்கலாம். யூரியா அள்ளிப் போடாதீங்க. நைட்ரஜன் கூடினால் பூஞ்சை உடம்புதான் வளர்க்கும்.

வெப்பம் 28 முதல் 30 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் அறைச் சூடே அதைத் தாண்டும், பூஞ்சை வளரும் படுக்கை (தட்டில் பரப்பிய தோல்) தானும் சூடு கக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாமல் தொடங்காதீங்க.

பாலாற்றங்கரை:
போர் தண்ணீரை முதலில் நிறுத்துங்க சார். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், வருகிற அமிலத்தை அதுவே தின்னும். இரும்பு, மாங்கனீஸ் வேறு இருக்கலாம். இந்தப் பூஞ்சைக்கு மாங்கனீஸ் துளி கூடினாலும் சிட்ரிக் குறையும். ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு வாட்டர். அலுமினியத் தட்டை அமிலம் அரிக்கும், பிளாஸ்டிக்குக்கு மாறுங்க. அன்னாசித் தோலைக் கலக்காதீங்க, மாங்கனீஸ் அதிலும் அதிகம்.

டைட்ரேஷன்:
பிஎச் மட்டும் பார்த்தால் ஏமாறுவீங்க. 5 கிராம் படுக்கையை 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்க. அதில் 10 மி.லி. எடுத்து, நிறம் காட்டும் பினால்ப்தலீன் விட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் பண்ணுங்க, அதாவது இளஞ்சிவப்பு நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்க. செலவாகும் ஒவ்வொரு மி.லி.க்கும் 6.4 மி.கி. சிட்ரிக். பூஞ்சை போடாத தோலையும் இதேபோல் அளந்து கழிக்கணும். சாத்துக்குடித் தோலிலேயே அமிலம் உண்டு.

பிஎச் 4க்கு மேலே நின்றால் பூஞ்சை சிட்ரிக்கை விட்டு குளுக்கோனிக், ஆக்ஸாலிக் அமிலங்கள் பக்கம் திரும்பியிருக்கலாம். வடித்த நீரில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, சூடாக்காமல் கால்சியம் குளோரைடு விடுங்க. வெள்ளையாகப் படிந்தால் ஆக்ஸலேட், அதாவது ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்பு.

காட்பாடிக்காரன்:
மெத்தனால் 3 சதவீதம் சேர்த்தால் கூடுமாமே? சுண்ணாம்பு போட்டுப் பிரித்துப் படிகமாக்கவும் வேண்டுமா?

பூஞ்சைப்பட்டறை:
கூடும். ஆனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும், வாங்கி வைக்க உரிமமும் வேண்டும். கனம், தண்ணீர், சூடு மூன்றும் சரியான பிறகு யோசிங்க.

படிகம் வேண்டாம். சிட்ரிக் கடையில் மலிவு. சுண்ணாம்பு, கந்தக அமிலம், கரி என்று போனால் செலவு அதைத் தாண்டும். படுக்கையைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்ததைக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டினால் கறை எடுக்கப் போதும். ஆக்ஸலேட் சோதனையில் வெள்ளை வந்த பேட்சை மட்டும் பாய்லரில் ஊற்றாதீங்க, கால்சியம் ஆக்ஸலேட்டாகப் படிந்து கறை இன்னும் இறுகும்.

டைட்ரேஷன்:
இன்னொன்று, தட்டைத் திறக்கும்போது என்95 மாஸ்க். கறுத்த படுக்கையைக் காய்ந்தபடி கிளறாதீங்க, ஸ்போர் நுரையீரலுக்குப் போகும். வெங்காயத்தில் வரும் கறுப்புப் பூஞ்சையை எடுத்து வளர்க்கவும் வேண்டாம். சில வகை ஆக்ராடாக்சின் என்ற நச்சைத் தரும். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் கேட்டால் அடையாளம் தெரிந்த கல்ச்சர் கிடைக்கும்.