கயின் பாப்டிஸ்ட் பொண்ணைக் கட்டணும்னா எனக்கு மறுபடி ஞானஸ்நானமா?

ரங்கூன் தம்பி:
நாங்க மூணு தலைமுறையா ரங்கூன்ல ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கம். கைப்புள்ளையிலேயே தலையில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் ஆச்சு, பிறகு புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்ப கட்டப்போற பொண்ணு கயின், அதாவது இங்க பர்மாவுல இருக்கற கரேன் இனம், அவங்க பாப்டிஸ்ட். அவங்க சபையில கல்யாணம் வைக்கணும்னா நான் முங்கி ஞானஸ்நானம் எடுத்துத்தான் ஆகணுமாம், சின்னதுல எடுத்தது கணக்குலயே வராதாம். மேடைக்கு அடியில பலகைய எடுத்தா தொட்டி இருக்கு, இடுப்பளவு தண்ணி நிக்குமாம், அதையும் கூட்டிட்டுப் போய் காமிச்சுட்டாங்க. வீட்ல சொன்னா அம்மா ஒரே அழுகை. அப்ப இத்தன வருஷம் நான் கிறிஸ்தவனே இல்லையா?

மோல்மீன்காரன்:
தம்பி நான் பாப்டிஸ்ட்டுதான், கோவிச்சுக்காதீங்க. அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி முதல்ல சுவிசேஷத்தக் கேட்டு நம்புறாரு, பிறகுதான் தண்ணியில எறங்குறாரு, கைப்புள்ளையால அது முடியாதுங்கறதுதான் எங்க ஆளுங்க சொல்றது. நம்ம நாட்டுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சனே குழந்தையில ஞானஸ்நானம் வாங்கினவர்தான். 1812ல கப்பல்ல வரும்போது பைபிளப் படிச்சு மனசு மாறி கல்கத்தாவுல முங்கினாரு, அதனால அவர அனுப்பின சங்கத்தையே விட வேண்டியதாச்சு, 1813ல தான் ரங்கூன் வந்தாரு. ஆனா அவரு மனசுல பட்டு எடுத்தாரு. பொண்ணு கெடைக்கணும்னு முங்கினா எங்க உபதேசப்படியே அது செல்லாது, இத அந்த பாஸ்டர்கிட்ட நேராவே கேளுங்க.

மறைக்கல்வி அக்கா:
முங்கினாத்தான் செல்லும்னு ஆதி திருச்சபையே சொல்லல தம்பி. திதாக்கேன்னு ரொம்பப் பழைய நூல் ஒண்ணு இருக்கு, அதுல ஓடுற தண்ணி இல்லேன்னா வேற தண்ணி, அதுவும் இல்லேன்னா பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால தலையில மூணு தடவ ஊத்துன்னு இருக்கு. டொனாட்டிஸ்டுங்கன்னு அந்தக் காலத்துல வட ஆப்பிரிக்காவுல திருச்சபைய விட்டுப் பிரிஞ்சு போன ஒரு கூட்டம், அவங்க மத்த சபையில இருந்து வந்தவங்களுக்கு மறுபடி குடுத்தாங்க, ஆயரா இருந்த புனித அகுஸ்தினார் அத எதுத்து எவ்வளவோ எழுதியிருக்காரு. நம்மள்ல ஒரு தடவதான், அழியாத முத்திரை அது. அந்தப் பொண்ணு முங்கி எடுத்தத நாம ஒத்துக்கறோம், அவள மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டோம், அப்ப நீ மட்டும் ஏன் எடுக்கணும்? கலப்புத் திருமணத்துக்கு ஆயர் அனுமதி வேணும், அவங்க கோயில்லயே வைக்கறதுக்கும் தனியா விலக்கு கேக்கலாம், ஃபாதர சீக்கிரமா போய்ப் பாரு. ஒண்ணு, பொறக்கப்போற புள்ளைங்கள கத்தோலிக்கமா வளர்க்க என்னால முடிஞ்சதெல்லாம் செய்வேன்னு நீ வாக்கு குடுக்கணும், அது பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

ரங்கூன் தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. புள்ளைங்க விஷயம் நாங்க ரெண்டு பேருமே இன்னும் பேசல. இந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவளையும் கூட்டிக்கிட்டே ஃபாதரப் பாக்கப் போறேன், அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லல.