கடவுளன்பும் அயலாரன்பும்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள் (பெங்களூர்)

தங்கவயல்காரன்
காலை மாரிக்குப்பம் ரயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2001-ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊர் ஆட்கள் அதில்தான் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். பங்காருப்பேட்டையில் ஒரு நிறைமாதக்காரி ஏறினாள். ஜன்னலோரம் ஒருவர் வேதாகமத்தை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, கொஞ்சம் எடம் குடுங்க" என்றேன். நிமிரவே இல்லை. வரியில் விரலை வைத்தபடி, "அதிகாரம் முடியட்டும் தம்பி" என்றார். எதிரில் இருந்த கீரைக்காரப் பாட்டி எழுந்துகொண்டார். "நீ படி ராசா" என்றார். அதில் துளி கேலி இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. பக்கத்தின் மேலே லேவியராகமம் என்று இருந்தது, பலிச் சட்டங்களும் தீட்டுச் சட்டங்களும் நிறைந்த புத்தகம். அதைப் படித்து என்ன வளர்ச்சி?

அல்சூர் அக்கா
லேவியராகமத்தைக் குறை சொல்லாதே தம்பி. 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்பது அங்கேதான், 19:18-ல் இருக்கிறது. இயேசு எடுத்துச் சொன்னதே அதைத்தான். அவர் இன்னும் அந்த அதிகாரத்துக்கு வந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

நான் நர்ஸ். ஞாயிறு மதியம் ஒரு சபை அம்மாக்கள் வார்டுக்கு ஜெபிக்க வருவார்கள். பட்டுப்புடவையில் ஒருவர் கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார். காலில் கட்டுப் போட்ட தாத்தா, "ஜெபம் அப்புறம்மா, பெட்பேன் வேணும்" என்றார். நான் அடுத்த கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தம்மா பைபிளை ஸ்டூலில் வைத்தார், முந்தானையைச் செருகினார். வைத்து, எடுத்து, கழுவிக்கொண்டும் வந்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "வரேன்யா" என்று கிளம்பிவிட்டார். ஜெபிக்கவே இல்லை. கூட வந்தவர்களுக்கு அதுதான் பெரிய குறை.

ஜெபவீரன்
சகோதரி, ஜெபத்தையும் முடித்திருக்கலாமே. எல்லோரும் மறப்பது 2 பேதுரு 1:5-7. விசுவாசத்தோடு தைரியம், பிறகு ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி. அதற்கப்புறம்தான் சகோதர சிநேகம், கடைசியில் அன்பு. படிப்படியாகத்தான் வரும். ஆகவே முதலில் அதிகாலை ஜெபத்தைப் பழகுங்கள். தினம் ஓர் அதிகாரமாவது படியுங்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துவிட்டு, சபையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குப் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24. வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பினால் அது ஒப்புரவாகாது, நேரில் போக வேண்டும். கையில் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் போவது நல்லது, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். என் அனுபவம்: தம்பியோடு சொத்துத் தகராறு. போனேன், கதவைத் திறக்கவில்லை. சரி, அது வேறு விஷயம்.

சிவாஜிநகர் டிரைவர்
படிப்படியாகத்தான் என்றால் அந்தப் பிள்ளைத்தாச்சி கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் நிற்கணுமா ஐயா?

2016 செப்டம்பர் 12. காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டு வண்டிகளை எரித்த நாள். என் டெம்போ டி.என். பதிவு, தெருவில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் கன்னடர். பார்க்கிங் தகராறில் எங்களுக்குள் நல்ல வார்த்தையே கிடையாது. அவர் ஒரு தார்ப்பாயை எடுத்துவந்து நம்பர் பிளேட்டை மூடினார். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பைக்குகளில் கூட்டமாக வந்து யார் வண்டி என்று கேட்டார்கள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "நம்தே", எங்களுடையதுதான் என்றார். போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் 'நம்மைப் பகைக்கிற இந்த ஊர் ஜனங்களுக்காக' என்று ஜெபித்தார்கள். எனக்கு ஆமென் வாயில் வரவில்லை.

ஜெபவீரன்
சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார்கள். மத்தேயு 5:44.

சிவாஜிநகர் டிரைவர்
வசனம் எனக்கும் தெரியும் ஐயா. அந்த ஆள் என் சத்துரு இல்லையே.

அல்சூர் அக்கா
இப்போது அவரோடு பேச்சுவார்த்தை உண்டா அண்ணா?

சிவாஜிநகர் டிரைவர்
பார்க்கிங் சண்டைதான். போன வாரம்கூட நடந்தது.